சிவசமுத்திரம் கிளம்புமுன் அணைச் செய்தியைப் படியுங்கள்

பெங்களூரில் பெய்யும் மழையில் ஒரு சொட்டுகூடக் கர்நாடகத்தில் காவிரி விழும் சிவசமுத்திரம் அருவியில் விழுவதில்லை. இதைச் சொன்னால் எங்கள் உறவினர்கள் யாரும் நம்புவதில்லை. ஜூலையில் இரண்டு நாள் பனசங்கரியில் தூறல் போட்டால் போதும், "அருவி நன்றாகக் கொட்டுமே, கிளம்பி வரட்டுமா?" என்று சென்னையிலிருந்து தொலைபேசி வந்துவிடும். ஊருக்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகப் போய், கனகபுராவைத் தாண்டிச் சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. அந்த இடம் அருவிக்கு வெகு கீழே இருக்கிறது. கிழக்கே விழும் மழையோ தென்பெண்ணையில் இறங்கி ஓசூர், கிருஷ்ணகிரி என்று வேறு திசையில் போய்விடுகிறது. இங்கே குடை பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் அங்கே கொட்டும் தண்ணீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அருவிக்கு வரும் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. அதுவும் நேராக வருவதில்லை. குடகு மழை கிருஷ்ணராஜ சாகர் (கே.ஆர்.எஸ்.) அணையில் நிற்கிறது; வயநாட்டு மழை கபினி அணையில் நிற்கிறது. இரண்டும் திறந்துவிடப்பட்டு, தி. நரசிபுராவில் ஒன்றாகி, அதன் பிறகுதான் சிவசமுத்திரத்துக்கு வந்து விழுகின்றன. ஆகவே கிளம்பும் முன் பார்க்க வேண்டியது வானத்தை அல்ல, செய்தித்தாளில் வரும் நீர்த்திறப்புக் கணக்கை. தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்களுக்கு இது கைவந்த வேலை. மேட்டூர் நீர்மட்டம், ஒகேனக்கல் நீர்வரத்து என்று சிறு வயதிலிருந்தே படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தச் செய்தியிலேயே, மூன்றாவது பத்தியில், கபினியிலிருந்து இவ்வளவு, கே.ஆர்.எஸ்.ஸிலிருந்து இவ்வளவு கனஅடி என்று ஒரு வரி இருக்கும். நமக்கு வேண்டியது அந்த வரிதான்.

இரண்டில் முதலில் கவனிக்க வேண்டியது கபினி. அதன் கொள்ளளவு 19.5 டி.எம்.சி.தான் (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கனஅடி), கே.ஆர்.எஸ். அணையோ 49.45 டி.எம்.சி. பிடிக்கும். வயநாட்டில் மழை வலுத்தால் கபினி சீக்கிரம் நிரம்பி மதகைத் திறந்துவிடுவார்கள். கே.ஆர்.எஸ். தன் முழு மட்டமான 124.80 அடியைத் தொடுவதற்கு இன்னும் நாள் பிடிக்கும். சில ஆண்டுகளில் தொடுவதே இல்லை. எனவே கே.ஆர்.எஸ். நிரம்பட்டும் என்று காத்திருந்தால் ஜூலை மாதத்து நல்ல வெள்ளத்தைத் தவறவிடுவோம்.

எத்தனை கனஅடி இருந்தால் போகலாம் என்று கேட்பார்கள். இரண்டு அணைகளின் திறப்பையும் கூட்டி வினாடிக்குப் பத்தாயிரத்தைத் தாண்டினால் அருவிக்கு முகம் வந்துவிடுகிறது என்பது என் கணக்கு. இருபதாயிரத்தில் பாறை மறைந்தும் மறையாமலும், பல கிளைகளாகப் பிரிந்து விழும்போதுதான் அழகு. ஐம்பதாயிரத்துக்கு மேல் போனால் சேற்று நிறத்தில் ஒரே சுவராக விழும். பாதி நேரம் சாரல் மூட்டத்தில் ஒன்றும் தெரியாது. அதற்கும் மேலே போனால் போலீஸ் தடுப்பு வைத்துவிடுவார்கள். அணையில் திறந்த தண்ணீர் வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால், சனிக்கிழமை போவதாக இருந்தால் வியாழன், வெள்ளிச் செய்தியைப் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

இன்னொரு நாட்காட்டியும் உண்டு. சுற்றுலாக் கையேடு எதிலும் நான் அதைப் பார்த்ததில்லை. காவிரி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், ஓர் ஆண்டில் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாதவாரியாகவும் அட்டவணை இருக்கிறது. ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76, ஜூலைக்கு 31.24 டி.எம்.சி. பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை டி.எம்.சி.தான். ஆகஸ்டு அளவை நாள்கணக்கில் பிரித்தால் வினாடிக்கு 17,000 கனஅடி வருகிறது. கோடை மாதங்களில் அது ஆயிரத்துக்கும் கீழே. சிம்சா ஆறும் அர்க்காவதியும் அருவிக்குக் கீழே சேர்வதால் இந்தக் கணக்கு அப்படியே சிவசமுத்திரத்துக்குப் பொருந்தாது. ஆனாலும் எந்த மாதத்தில் போகலாம், எந்த மாதத்தில் வீட்டிலேயே இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல அட்டவணை எனக்குத் தெரியாது. வறட்சி ஆண்டானால் இந்த அட்டவணையும் காகிதத்தோடு நின்றுவிடும். 2023-இல் அதுதான் நடந்தது. நல்ல மழை ஆண்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இந்தப் பாறையின் மேல்தான் விழுந்து வருகிறது.

ஆடிப்பெருக்குக்குப் போக வேண்டும் என்று சொன்னது என் மாமியார். திருவையாற்றுக்காரர். ஆடி பதினெட்டு அன்று காவிரியைப் பார்க்காமல் சாப்பிட்டால் அவருக்குச் செரிக்காது. பெங்களூர்த் தமிழர்கள் பலர் அன்றைக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் போவார்கள். படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. அத்தை அங்கே உள்ள ஆதிரங்கத்தையும் பார்த்துவிட்டார், அந்தியரங்கமான ஸ்ரீரங்கம் அவருக்கு அடுத்த தெரு மாதிரி. நடுவில் இருக்கும் மத்தியரங்கம் மட்டும் பாக்கி. அது சிவசமுத்திரத் தீவில் இருக்கிறது. காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடத்துத் தீவுகளில்தான் மூன்று ரங்கநாதர்களும் படுத்திருக்கிறார்கள். என் கணவருக்கு அருவி, அத்தைக்குக் கோயில், எனக்கு வீட்டைவிட்டு ஒரு நாள் வெளியே. எல்லாருடைய காரணமும் ஒரே ஊரில் கிடைத்ததால் கிளம்பினோம்.

கனகபுரா சாலைதான் நேர் வழி. கனகபுரா, சாத்தனூர், ஹலகூர், மளவள்ளி என்று போக வேண்டும். நகரின் நடுவிலிருந்து 130 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தச் சாலையே கொள்ளேகால், சாம்ராஜ்நகர், திம்பம் மலைப்பாதை, சத்தியமங்கலம் என்று கோயம்புத்தூர் வரை போகிறது. காலை ஆறு மணிக்குள் நைஸ் சாலைச் சந்திப்பைக் கடந்துவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏழரைக்குக் கிளம்புகிறவர்கள் அந்த மூன்று மணியில் பாதியை நகர எல்லைக்குள்ளேயே செலவழிப்பார்கள். மைசூர் விரைவுச்சாலையில் மத்தூர் வரை போய் அங்கிருந்து மளவள்ளிக்குத் திரும்பும் வழியும் உண்டு. ஆனால் அதன் முக்கியப் பாதையில் 2023 ஆகஸ்டு முதல் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பைக்கில் போகிறவர்களுக்குக் கனகபுராதான்.

வழியில் பக்கவாட்டில் ஆளுயரத்தைத் தாண்டிய இரும்புக் குழாய்கள் அவ்வப்போது தென்படும். எங்கள் வீட்டுக் குழாயில் வரும் காவிரி அதில்தான் வருகிறது. சிவசமுத்திரத்துக்கு மேலே ஆற்றிலிருந்து எடுத்து, தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, அங்கேயும் ஹாரோஹள்ளியிலும் தாதகுணியிலுமாக மூன்று கட்டமாக மேலேற்றி, சுமார் 100 கிலோமீட்டர் தூரம் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். 1974-இல் தொடங்கிய திட்டம். ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் வந்தது. இதை என் கணவர் காரை ஓட்டிக்கொண்டே விளக்கினார். பின்னிருக்கையில் மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் வைத்த தட்டை மடியில் பிடித்திருந்த அத்தை, "அப்படியானால் சமையலறைக் குழாய்க்கே படைத்திருக்கலாமே. விடியற்காலை நான்கு மணிக்கு என்னை எழுப்பியிருக்க வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு சாத்தனூர் வரை என் கணவர் நீரேற்றத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

வரிசை முக்கியம். மளவள்ளியைத் தாண்டியதும் ஆற்றைக் கடப்பதற்கு முன்பே, சிவசமுத்திரத்தின் இரண்டு அருவிகளில் ஒன்றான ககனச்சுக்கிக்குத் திரும்பச் சொல்லிப் பலகை வரும். எல்லாரும் அங்கேதான் முதலில் திரும்புகிறார்கள். அன்று நாங்கள் திரும்பவில்லை. அதுவே சரி என்று இப்போதும் சொல்வேன். பாலத்தைக் கடந்து, சத்தேகாலா ஹேண்ட்போஸ்ட் என்னும் சந்திப்பு வழியாகத் தீவுக்குள் போய், முதலில் ரங்கநாதரைப் பார்த்துவிட வேண்டும். நண்பகலில் நடை சாத்திவிட்டால் மாலை வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அருவிக்கு அந்தத் தொல்லை இல்லை. பிறகு அதே பக்கத்தில் இன்னோர் அருவியான பரச்சுக்கி. திரும்பி வரும் வழியில் கடைசியாக ககனச்சுக்கி. இரண்டு அருவிகளும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். ஆனால் ஒரு பார்வை மேடையிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றிக்கொண்டு போகும் சாலை பதினைந்து கிலோமீட்டரை நெருங்கும்.

தீவுக்குப் போகும் வழியில் பழைய கல்பாலத்தை நின்று பாருங்கள். ஒற்றைக் கல் தூண்களை வரிசையாக ஆற்றுக்குள் நட்டு, மேலே கல் பாளங்களைப் பரப்பியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை எடுத்துக் கட்டியவர் ராமசாமி முதலியார் என்னும் தமிழர். அதற்காகவே ஆங்கிலேய அரசு அவருக்கு ஜாகீரும் பட்டமும் கொடுத்தது. 2018 வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போய்விட்டது. மீதி நிற்கிறது, தூண்களைச் சுற்றித் தண்ணீர் முறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால், இத்தனை காலம் நின்றதே பெரிது என்று தோன்றும். கொள்ளேகால் வட்டாரம் 1956 நவம்பர் வரை சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே டீக்கடையில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருவதில் வியப்பில்லை.

ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் இறங்கவிடவில்லை. அத்தை கோயிலுக்குப் பக்கத்தில் கரையோரம், தண்ணீர் தொடாத இடத்தில் விளக்கேற்றிப் படைத்தார். ஒரு செம்பில் தண்ணீர் வேண்டும் என்றபோது அங்கே காவலுக்கு நின்றவரே கயிறு கட்டிய வாளியில் மொண்டு கொடுத்தார். வெள்ள நாளில் படையலுக்குப் போகிறவர்கள் ஒரு சிறு வாளியும் நீளமான கயிறும் எடுத்துக்கொள்ளுங்கள். படியில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று காவலரோடு வாதாடாதீர்கள்.

பரச்சுக்கியில் மேலே நின்றே பார்க்கலாம். தண்ணீர் குறைவான நாட்களில் மட்டும் படிக்கட்டைத் திறந்துவிட்டு அடிவாரம் வரை விடுவார்கள். அப்படி ஒரு கார்த்திகை மாதத்தில் இறங்கிப் பரிசலில் போயிருக்கிறோம். மூங்கில் பின்னலின் மேல் நெகிழித் தாளைச் சுற்றித் தார் பூசிய வட்டமான ஓடம். உள்ளே குந்தி உட்கார வேண்டும். எழுந்தால் திட்டு விழும். பரிசல்காரர் ஒரே துடுப்பால் எங்களை அருவியின் ஓரம் வரை கொண்டுபோனார். பத்து அடி தள்ளி நின்றபோதே என் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. சத்தத்தில் குழந்தை அழுவது வாய் திறப்பதை வைத்துத்தான் புரிந்தது. அங்கே போய்ப் பரிசலைத் தட்டாமாலை சுற்றுவது அவருக்கு ஒரு விளையாட்டு. வேண்டாம் என்றால் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும். உயிர்காப்புச் சட்டை கேட்டால்தான் கொடுப்பார்கள், கேளுங்கள். கூலியையும் கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள். இறங்கும்போது தெரியாத படிக்கட்டு ஏறும்போது முழங்காலில் தெரியும். அத்தை மாதிரி எழுபதைத் தாண்டியவர்களை மேலேயே உட்கார வைத்துவிட்டுப் போவது நல்லது.

ஆடியில் படிக்கட்டு பூட்டியிருந்தது. பரிசல்கள் கரையில் கவிழ்த்துக் கிடந்தன. அருவி மட்டும் மலையின் அகலம் முழுக்க விழுந்துகொண்டிருந்தது.

குரங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய வெள்ளரிப் பிஞ்சு விற்கிறார்கள். அதை வாங்கிக் கையில் பிடித்தபடி பத்தடி நடந்தால் அது உங்களுடையதாக இருக்காது. எங்கள் புளியோதரைப் பையின் ஜிப்பை ஒரு குரங்கு திறந்தது. கிழிக்கவில்லை, நிதானமாக இழுத்துத் திறந்தது. அப்பளத்தை எடுத்துக்கொண்டு, தயிர்சாத டப்பாவை மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டது. சாப்பாட்டைக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மிளகாய் தடவி அங்கேயே வறுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகாத சைவக்காரர்கள் மளவள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டு வருவது உத்தமம். கழிப்பறை விஷயமும் அப்படியே. ஊரில் முடித்துக்கொண்டு வந்தால் மனம் நொந்து பேச வேண்டியிருக்காது.

ககனச்சுக்கிக்கு வழி கேட்கும்போது பார்வை மேடை என்று சேர்த்துக் கேளுங்கள். அந்த அருவியைத் தீவுப் பக்கத்திலிருந்தும் அடையலாம். அங்கே ஒரு பழைய தர்கா இருக்கிறது. அதற்கு அப்பால் பாறைகளில் இறங்கினால் அருவியின் தலைமாட்டுக்கே போய்விடலாம் என்று இளைஞர்கள் சொல்லிக்கொள்வார்கள். போய்விடலாம்தான். அப்படிப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அந்தப் பாறை காய்ந்திருக்கும்போதும் பாசி வழுக்கும். அதைவிட மோசம், மேலே தண்ணீர் கூடுதலாகத் திறக்கப்படும்போது இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மழை இல்லையே என்ற தைரியத்தில் நின்றிருப்பார்கள். முதலில் சொன்ன கணக்கை இங்கே மீண்டும் சொல்வதற்குக் காரணம் அதுதான்: வெள்ளம் மேகத்திலிருந்து வருவதில்லை, மதகிலிருந்து வருகிறது.

எதிர்க்கரைப் பார்வை மேடையிலிருந்து பார்த்தால் சுமார் 98 மீட்டர் உயரத்திலிருந்து படிப்படியாக விழுவது முழுதாகத் தெரிகிறது. எதிர்க்கரை வரைக்கும் சாரல் வரும். பக்கத்தில்தான் மின் நிலையம். அருவி ஏன் கோடையில் நூலாக இளைத்துவிடுகிறது என்பதற்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது. அருவிக்கு மேலேயே தடுப்பணை கட்டி, கால்வாயில் திருப்பி, குழாய் வழியாக மின்சாரம் எடுக்கும் சுழலிக்கு இறக்கிவிடுகிறார்கள். மிஞ்சியதுதான் நம் கண்ணுக்கு. 1902-இல் இங்கிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. 147 கிலோமீட்டர்க் கம்பித்தடம். அந்தக் காலத்தில் உலகிலேயே நீளமானவற்றில் ஒன்று. சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். திட்டத்தை முன்னெடுத்த மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். 1901-இலேயே இறந்துவிட்டார், சுழலி சுற்றியதை அவர் பார்க்கவில்லை. பெங்களூரின் சேஷாத்ரிபுரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பெங்களூருக்கு விளக்கு வந்தது 1905-இல். நிலையம் இன்றும் ஓடுகிறது, 42 மெகாவாட். முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் கெஞ்சிப் பார்த்த என் கணவர் சார்பாக இதை எழுதுகிறேன்.

கார் இல்லாதவர்கள் கொள்ளேகால் பஸ்ஸிலோ மாதேஸ்வரன் மலை பஸ்ஸிலோ ஏறி, சத்தேகாலா ஹேண்ட்போஸ்டில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இலவசம். ஆட்டோவை ஒரு பக்கத்துக்கு மட்டும் பேசாமல், கோயில், பரச்சுக்கி, ககனச்சுக்கி, பிறகு மளவள்ளி பஸ் நிலையம் என்று மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்கள்; பாதியில் இறங்கினால் அடுத்த ஆட்டோ கிடைப்பது அதிர்ஷ்டம். ஞாயிறு மாலை திரும்புகிறவர்கள் கனகபுரா சாலையின் கடைசி இருபது கிலோமீட்டருக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிவைக்க வேண்டும். பட்டு நிறுவன மெட்ரோ நிலையத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி ரயில் ஏறுவது புத்திசாலித்தனம்.

வெள்ளிக்கிழமைச் செய்தியில் இரண்டு அணைகளும் சேர்ந்து இரண்டாயிரம் மூவாயிரம் கனஅடிதான் என்றிருந்தால் பயணத்தைக் கைவிட வேண்டாம், மளவள்ளியிலிருந்து தலக்காட்டுக்குத் திரும்பிவிடுங்கள். மணல் மேட்டுக்கு நடுவே பள்ளம் தோண்டியது போல் கோயில்கள் இறங்கியிருக்கும். சோழர்கள் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்த ஊர். பிறகு அவர்களிடமிருந்து பறித்த ஹொய்சள விஷ்ணுவர்தனன் கட்டிய கீர்த்தி நாராயணர் கோயில் இருக்கிறது. அங்கே மணல் சுடும் முன், பத்து மணிக்குள் நடந்து முடித்துவிட வேண்டும். செருப்பைக் கோயில் வாசலில் விட்டால், அடுத்த கோயிலுக்கு வெறுங்காலோடு மணலில்தான் போயாக வேண்டும். ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.